ஓடையில் அரித்த பொன்

என் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் ஓர் அரிக்கன் சட்டி இருக்கிறது. உட்புறம் வரிவரியாக மேடு வைத்த சட்டி. அரிசியை நீரில் ஆட்டிச் சாய்த்தால் கல் வரிகளில் தங்கிவிடும். சித்தி இதை யாழ்ப்பாணத்திலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தபோது எல்லோரும் சிரித்தோம். ஒஸ்லோக் கடை அரிசியில் கல் ஏது?

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை. ஒஸ்லோவுக்கு வடக்கே, எப்போதோ கைவிட்ட தங்கச் சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், பஸ் ஓட்டும் எங்கள் மாமா ஏதோ மினுங்கியதைக் கண்டுவிட்டார். செய்தி தமிழ்க் கடை வழியாகப் பரவியது. அடுத்த சனிக்கிழமை, ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் நிறைந்த ரொம்மனும் ரொம்சோஸும் அங்கே கூடாரம் அடித்துவிட்டன. ஒரு பக்கம் புட்டு அவிந்தது, ஒரு பக்கம் சீட்டாட்டம். நடுவில் பிளாஸ்டிக் தட்டுகளோடு ஆண்கள் ஓடையில் இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். மாமா ராசா மாதிரித் திரிந்தார். ஆனால் நுளம்புக்கடியைத் தவிர யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மழை தொடங்கியதும் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் மாமாவும் போய்விட்டார்.

சித்தி விடவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் எனக்குக் கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கில் கணவனை இழந்தவர்கள் முன்னே வருவதில்லை. சித்தப்பா போரில் போய்விட்டார். ஊரில் என்னைத் தூக்கி வளர்த்தவர் அன்று சமையலறைக்குள் நிற்கவேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. சித்தியோ, "உன்ரை பொன்னுருக்குக்கு நான் முன்னுக்கு நிக்கேலாது. என்ரை பொன்னாவது நிக்கட்டும்" என்றார்.

விடுமுறை நாட்களில் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஆளில்லாத ஓடையில், முழங்கால் குளிர்நீரில் நின்று, மண்ணை அரிசிபோல அரித்தார். ஒருநாள், "டேய், இஞ்சை ஓடி வா!" என்று கத்தினார். சட்டியின் வரியில் கடுகிலும் சிறிய மஞ்சள் பொட்டு. சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்தேன்.

பொன்னுருக்கு எங்கள் ரொம்மன் வீட்டில் நடந்தது. பத்தர் பவுனை உருக்கிக்கொண்டிருந்தார். ஓடைப் பொன்னையும் போட அம்மா கையை நீட்டினார். கையைத் துடைத்தபடி சித்தி சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"எடுத்தது நான். நான்தான் போடுவன்."

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். அம்மா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. "போடு தங்கச்சி" என்றார். சித்தி போட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

போன கோடையில் அந்த ஓடைக்குப் போனேன். புல் மட்டும்தான், கூடாரம் அடித்த தடம்கூட இல்லை. இப்போது மனைவி மேல்தட்டிலிருந்து சட்டியை இறக்கித் துடைக்கிறாள். அடுத்த கிழமை அக்கா மகனுக்குப் பொன்னுருக்கு. பவுன் இந்தச் சட்டியில்தான் வரவேண்டுமாம். எல்லோருக்கும் முன்னால் அதை ஏந்தி வரப்போவது சித்தி.