கோயில் மேட்டில் மட்டும் கிடைத்த சிக்னல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் முடிந்த வருசமோ அதற்கு அடுத்ததோ, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் இருந்த வரிசை வீட்டு லயத்தில், பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. புருசனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. அவன் வாங்கிக் கொடுத்த போனில் இன்டநெட் இருந்தது. லயத்தில் சிக்னல் வராது, கோயில் மேட்டில்தான் வரும். முப்பது நாள் தீட்டுக் கழியும் முன்னமே குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். விறகுக்குப் போகையில் பார்த்து, என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"வேற ஊர்ல புள்ள பெத்தவங்க எல்லாம் இதுல எழுதுறாங்க ஆயம்மா. இவன் அழுதா விட்டுட்டு எங்கயாச்சும் ஓடிறலாம்போல இருக்குன்னு எழுதினேன். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போகப் போக சரியாயிரும்னு ஒரு அக்கா எழுதியிருக்காங்க" என்றாள். அன்றைக்கு முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

தீட்டோடு கோயில் மேட்டில் ஏறிவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. மேட்டைக் கழுவி மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். மாமியார் போனைப் பிடுங்கிச் சின்ன மகனிடம் கொடுத்துவிட்டாள். முப்பது கழிந்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

தண்ணி பிடிக்கும் பீலியில், "அத அவகிட்டயே குடுத்துருங்க, பாவம்" என்று மாமியாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன், ஆயம்மாவுக்கும் ஒன்னு வாங்கித் தரவா? ரெண்டு பேரும் மேட்டுல போய் உக்காந்துக்கங்க" என்றாள் மாமியார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு மருமகள் பால் கொடுக்கக் காம்பராவுக்கு வருவாள். ஆனால் குழந்தையைத் தூக்க மாட்டாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்கும், அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்தான் குழந்தையை மடியில் வைத்துப் பிடிப்பேன்.

ஒரு மழை நாள் காலையில் குழந்தையை என் கையில் கொடுத்து, "நானே வந்து கேட்டாலும் இன்னிக்கு இவன என்கிட்ட குடுத்துறாதீங்க ஆயம்மா" என்றாள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். உடனே மலையில் வேலையில் நின்றவர்களுக்கு ஆளனுப்பினேன். பாலத்துக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணியில் நின்றவளைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இழுத்து வந்தார்கள்.

உயிர் தப்பியது. ஆனால் பைத்தியம் என்று சொல்லி நோட்டன் பிரிட்ஜ் ஊரில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையைக் கொடுக்கவில்லை. நான்தான் காம்பராவில் பால்மா கரைத்துக் கொடுத்தேன். சின்ன மகன் அந்தப் போனில் பாட்டு வைத்துக்கொண்டு வாசலால் போவான்.

பிறகு ஒரு நர்ஸ் அம்மா, இது பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய்தான், பைத்தியம் இல்லை என்று அதற்கு ஒரு பேர் சொன்னார். எனக்கு மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து அந்தப் பேரை இதில் எழுதிவிடுங்கள். அவளுக்கு நாங்கள் வைத்த பேர் மட்டும் நிற்கக் கூடாது.