தையல் மிஷின் கொடுத்த சுருதி

அவளுக்குத் தையல் மிஷின் என்று பெயர் வைத்தது நான்தான். இசைக் கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராவில் நான் ஃப்ளூட், அவள் ஓபோ, நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் மேல்நாட்டுக் குழல். இருவர் நாற்காலியும் ஒட்டினாற்போல் இருக்கும். வாசிப்பு தொடங்கும் முன் அவளுடைய வலது முழங்கால் ஆட ஆரம்பிக்கும். கூடவே என் நாற்காலியும் ஆடும். "இன்னைக்கு என்ன தைக்கிற, சட்டையா பாவாடையா?" என்று கேட்பேன். "வாயை மூடுடி" என்பாள். கால் மட்டும் நிற்காது.

பிறவிப் பயந்தாங்கொள்ளி அவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகள் லிஃப்டில் கால் வைக்க மாட்டாள். மேல்மாடி வகுப்புக்குப் படியேறி, மூச்சு வாங்க வந்து நிற்பாள். காற்றை ஊதிப் பிழைக்க வந்தவள் அதைப் படிக்கட்டில் தொலைத்துவிட்டு வருகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஓபோவை அவள் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் தொடாத கருவி அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஆசிரியர் அதை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்ததாம், வாங்கிக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ கருவி இருக்க, பயந்தவள் கையில் போய் இதுவா சிக்க வேண்டும்? கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதும். அதை வைத்துத்தான் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் சுருதி சேர்க்கும். அவள் சுருதி தப்பினால் அத்தனை பேருக்கும் தப்பியது என்று அர்த்தம்.

முதல் வருடம் ஒருநாள் அவள் கொடுத்த ஸ்வரம் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இந்தக் குழிக்குள்ள நாங்க எல்லாரும் இறங்கணுமாம்மா?" என்றார். மண்டபம் சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம், சுருதி தாழ்ந்துவிடக் கூடாது என்பது. பயத்தில் உதட்டை இறுக்குவாள். இறுக்கினால் ஓபோவில் சுருதி ஏறும். ஏறிவிட்டதே என்று பயந்து தளர்த்துவாள், ஒலி நடுங்கும். இரண்டாம் வருட நடுவில் துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வருடக் கடைசிக் கச்சேரிதான் தேர்வு, அதில் சொதப்பினால் வாசிப்புப் பிரிவில் இடமில்லை, இசை வரலாறு படிக்கப் போகலாம். எங்கள் விடுதி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "வரலாறுன்னா வாசிக்கவே வேணாம் இல்ல?" என்று கேட்டாள். கண்ணில் நீர் நின்றது.

அந்தக் கச்சேரியில் பியானோவும் உண்டு. இறுதியாண்டு மாணவன் ஒருவன் தனியாக வாசிக்க, நாங்கள் பின்னால் வாசிக்க வேண்டும். அவனுக்கும் அதுதான் தேர்வு. பியானோ இருக்கும் நாளில் சுருதிக்கு எஜமான் ஓபோ இல்லை. மேடையில் வைத்து பியானோவைத் திருத்த முடியாது என்பதால் முதலில் பியானோவில் அந்த ஸ்வரத்தைத் தட்டுவார்கள். ஓபோ அதை அப்படியே வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும். வாங்கிக் கொடுப்பதுதானே, இதில் என்ன பயம் என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

அன்று மாலை மேடைக்குப் பின்னால் அவள் அப்பாவிடம் போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"பயமா இருக்குப்பா."

"இருக்கட்டும்மா. லிஃப்ட் நடுவுல நின்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். உள்ளேயே நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது. கதவைப் பிரிச்சுக்கிட்டுக் குதிக்கிறான் பாரு, அவனைத்தான் நான் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

"இதுக்குத்தாம்ப்பா நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அடுத்த நிமிடம் அவளே கதவைப் பிரித்துக்கொண்டு குதித்தாள்.

ஓபோவுக்கு உயிர் சீவாளி. நாணலைச் சீவி, இரண்டு இதழாக்கி, நூலால் கட்டி அவரவரே செய்துகொள்வார்கள். நுனியை மயிரிழை நறுக்கினாலும் சுருதி ஏறும். நறுக்கியது நறுக்கியதுதான், திரும்ப ஒட்டாது. அவள் சின்னக் கத்தியை எடுப்பதைப் பார்த்துப் பதறிவிட்டேன்.

"என்னடி பண்ற?"

"கொஞ்சம் இறங்கியிருக்கிற மாதிரி இருக்கு."

"இல்லடி, நல்லாத்தான் இருக்கு. வேணாம்."

நறுக்கிவிட்டாள். ஊதிப் பார்க்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

மேடையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முன்வரிசையில் தேர்வாளர்கள் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்கள். வயலின் தலைவி எழுந்து போய் பியானோவில் ஸ்வரத்தைத் தட்டினாள். இவள் ஊதினாள்.

ஏறியிருந்தது. கொஞ்சந்தான், ஆனால் ஏறித்தான் இருந்தது. தலைவியின் புருவம் ஒரு கணம் நெரிந்தது. ஆனாலும் ஓபோவை நம்பியே பழகிய காதுகள் எங்களுடையவை. வயலின்கள் முறுக்காணியைத் திருகி மேலே போயின. நானும் என் குழலின் தலையை உள்ளே தள்ளினேன். அவள் பயம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு நாங்கள் எல்லோரும் ஏறி நின்றோம்.

மண்டபத்தின் விளக்குகள் மங்கின. பக்கவாட்டுக் கதவு திறந்து, பியானோக்காரனும் நடத்துபவரும் வாசலில் தெரிந்தார்கள். பேசாமல் இருந்தால் அவள் பெயர் வெளியே வராது. பியானோதான் சுருதி இறங்கியிருப்பதாகக் கேட்கும். பழி பியானோவைச் சரிசெய்தவர் தலையில் விழும், அந்தப் பையனின் தேர்வும் நாசமாகும். என் நாற்காலி தடதடவென்று ஆடியது. திடீரென்று ஆட்டம் நின்றது. திரும்பிப் பார்த்தால், அவள் எழுந்து நிற்கிறாள்.

"மன்னிக்கணும். நான் கொடுத்தது தப்பு. மறுபடி கொடுக்கிறேன்."

குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். இதைவிடக் கொடுமை இனிமேல்தான் வந்தது. பெட்டியிலிருந்து அவள் எடுத்த மாற்றுச் சீவாளி காய்ந்து கிடந்தது. காய்ந்த சீவாளி பேசாது, வாயில் வைத்து ஊற வைக்க வேண்டும். மேடை நிறைய ஆட்கள், மண்டபம் நிறைய ஆட்கள், வாசலில் இரண்டு பேர், எல்லோரும் காத்திருக்க, அவள் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு நடுங்கியபடி நின்றாள். யாரோ இருமினார்கள். ஒரு தேர்வாளர் என்னவோ எழுதினார். உட்காரடி, போதும் என்று அவள் கையைப் பிடித்து இழுக்கலாம் போல் இருந்தது எனக்கு.

பிறகு தலைவியைப் பார்த்துத் தலையசைத்தாள். பியானோ ஒலித்தது. இவள் ஊதினாள். பழைய சீவாளி, தொண்டை கட்டிய குரல். ஆனால் பியானோவின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஒவ்வொருவராக இறங்கி வந்து சேர்ந்தோம்.

கச்சேரி முடிந்ததும் தேர்வாளர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். தனியாகப் போகமாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெதுவான பகுதியில உன் ஒலி கம்மிப்போச்சு."

"ஆமாம் மேடம்."

"சுருதி தப்பினது எங்க யாருக்கும் தெரியலை. பேசாம இருந்திருக்கலாமே. இவ்வளவு நடுங்குற, எப்படி எழுந்து நின்னே?"

அவள் என் கையை விடவில்லை. "உக்காந்திருக்கத்தான் மேடம் இன்னும் பயமா இருந்துச்சு."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் நீயே சுருதி கொடு" என்றார். இவள் நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். இறங்கும்போதும் படிக்கட்டுதான்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவில் சம்பளத்துக்கு வாசிக்கிறோம். அவள் பயம் போகவில்லை, எள்ளளவும் குறையவில்லை. விளக்கு மங்கும் முன் அந்த முழங்கால் இன்றைக்கும் என் நாற்காலியை இடிக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று புதிதாக வந்த ஃப்ளூட்காரி கேட்டாள். நான் நாற்காலியை நகர்த்துவதில்லை.