முடிக்கக் கூடாத போர்வை

எங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்பது லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாததுபோல நாங்கள் நடந்துகொள்ள வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சித்தியும் சித்தப்பாவும் அப்போது எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார்கள். சித்தியின் வயிறு அவருக்கு முன்னால் படியிறங்கி வந்துவிடும். அப்படியிருந்தும் வீட்டில் ஒரு தொட்டில் இல்லை, ஒரு சின்னக் காலுறை இல்லை. பிள்ளை பிறக்க முன்னர் அதற்கென்று எதையும் வாங்கவும் கூடாது, செய்யவும் கூடாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அம்மாவோ, சித்தியோடு வேலை செய்யும் ஒருவர் கொண்டுவந்த கரடிப் பொம்மையைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பின்னல் பைத்தியம் பிடித்திருந்தது. கணினியில் ஒரு பெண் பின்னிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து அண்ணாவுக்கு ஒரு கழுத்துத்துண்டு, அப்பாவுக்கு ஒன்று, குளிர்சாதனப்பெட்டியின் கைபிடிக்கு ஒன்று என்று பின்னித் தள்ளியிருந்தேன். ஒவ்வொன்றின் நுனியிலும், ஊசியில் நிற்கும் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து மூட்டைபோல இறுக்கிக் கட்டிவிடுவேன். இனிப் பின்னுவதற்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் குழந்தை வீட்டுக்கு வரும்போது நான் பின்னிய போர்வைக்குள்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். உலகத்தில் வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"கதையை விடு," என்றார் அம்மா. "பிறக்க முந்தி ஒண்டும் செய்யக்கூடாது எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. அம்மாவின் சட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். பிறக்கிற பிள்ளையைச் சுற்றுவதற்காக அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை அவர் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்திருந்தார். பழசு என்றால் பரவாயில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? அப்படியென்றால் பழைய ஸ்வெற்றர்களை அவிழ்த்து அந்தக் கம்பளி நூலில் பின்னினால் என்ன? அதிலும் அம்மா அசையாதபோது அண்ணா எனக்காக வாதாட வந்தான். "அம்மா, கடைசி வரியை விட்டிட்டால் அது முடியாத சாமான். முடியாத சாமான் சாமானே இல்லை."

"அவன் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு," என்றார் அப்பா, பத்திரிகைக்குப் பின்னால் இருந்தபடி.

"தகப்பனும் பிள்ளையளும் நல்லா வழக்குப் பேசப் பழகியிருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போடவைத்தார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஸ்வெற்றர் அவிழ்ப்பது பார்ப்பதற்குத்தான் சுகம். முதலில் பலியானது அண்ணாவின் பள்ளிக்கூட ஸ்வெற்றர். அதன் ஓரங்களை வெட்டித் தைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. இழுக்க இழுக்கச் சாண் நீளத் துண்டுகளாக வந்து கொட்டியது. சித்தப்பாவினுடையதை யாரோ கொதிநீரில் தோய்த்திருந்தார்கள். அது கம்பளமாக இறுகிப்போய், ஒரு இழையைக்கூட விட்டுத்தர மறுத்தது. மூன்றாவதாக அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெற்றர்தான் ஒழுங்காக அவிழ்ந்தது. நூல் முழுவதும் இடியப்பம்போலச் சுருண்டிருந்ததால், அதை நனைத்துக் குளியலறையில் தொங்கவிட்டு, நிமிர்வதற்காக அடியில் இடியப்ப உரலையே கட்டினேன். அன்று எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பாண் சாப்பிட்டார்கள்.

மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள் அவை. ஹீற்றருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து நானும் அண்ணாவும் மாறிமாறிப் பின்னுவோம். சித்தி சோபாவில் சாய்ந்து, வயிற்றின்மேல் மிக்சர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எங்களை மேய்ப்பார். பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்குப் போவதற்கு முன் அப்பாவும் தேநீரோடு வந்து உட்காரத் தொடங்கினார். ஒரு வாரத்தில் ஊசி அவர் கைக்குப் போய்விட்டது. அப்பா எதையும் இறுக்கிக் கட்டுகிறவர். அவர் பின்னிய இடத்தில் போர்வை ஒடுங்கிவிடும். அண்ணா பின்னிய இடத்தில் அகன்றுவிடும். "போர்வைக்கு இடுப்பெல்லாம் வைச்சிருக்கிறியள்," என்று சித்தி சிரித்தார். அந்த மாதிரிச் சந்தோஷமான மாலைகளை நான் பிறகு அதிகம் கண்டதில்லை. அம்மா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடிப்பார். தன் கதிரையில் போர்வை கிடந்தால் எடுத்து அப்பால் வைத்துவிட்டு உட்காருவார். ஒரு நாள்கூட அதை விரித்துப் பார்த்ததில்லை.

நீளம் போதுமென்று ஆனபிறகும் குழந்தை வரவில்லை. முடிக்கக் கூடாதே! ஆகவே சில வரிகளை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னினோம். திரும்ப அவிழ்த்தோம்.

தை மாதத்தில் பனி கொட்டிய ஒரு விடியற்காலை, சொன்ன நாளுக்கு முன்னாலேயே சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் காலை சித்தப்பாவின் அழைப்பு வந்தது: பெண்பிள்ளை, இருவரும் நலம், மதியம் வீட்டுக்கு விடுகிறார்கள், பிள்ளைக்குக் கதகதப்பாகச் சுற்ற ஏதாவது கொண்டுவாருங்கள். அப்பா கடைத்தெருவுக்கு ஓடினார். பனியில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. ஒரு பொதி டயப்பரோடு திரும்பி வந்தார். வேட்டி மட்டும் அந்தக் குளிருக்குக் காணாது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையின் மிகப் பெரிய நேரம் வந்துவிட்டது.

ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கழுத்துத்துண்டுபோல நுனியை இறுக்கிக் கட்டினால் போர்வை மூட்டையாகிவிடும். கண்ணிகளை அவிழாமல் மூடி, ஊசியைக் கழற்றுவது எப்படியென்று எனக்குத் தெரியாது.

"உனக்கு முடிக்கத் தெரியாதோ?" அண்ணாவின் குரல் கீச்சிட்டது.

"முடிக்கக் கூடாது எண்டு நீதானே சொன்னனீ! பிறகு நான் ஏன் அதைப் பழகுறது?"

கணினிப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம். அவர் செய்தபோது எளிதாக இருந்தது. நான் செய்தபோது ஓரம் சுருங்கிச் சுருண்டது. உதவி செய்வதாக நினைத்து அண்ணா ஊசியை இழுத்தான். ஒரு வரிசைக் கண்ணிகள் கழன்று கீழே ஓடின. அப்பா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குழந்தை இருக்கையைக் காரில் பூட்டிவிட்டு, ஹோர்ன் அடித்தார். நான் வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தள்ளு பிள்ளை. உப்பிடி இழுத்தால் சுருங்கிப்போகும்."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஓடிப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். பிறகு இரண்டைப் பின்னி, முதலாவதைத் தூக்கி இரண்டாவதன் மேலால் விட்டு, அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டேயிருந்தார். கையைப் பார்க்கக்கூட இல்லை. யன்னலுக்கு வெளியே பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறுவதற்குள் நூலை அறுத்து, நுனியைச் செருகி, போர்வையை உதறி என் கையில் தந்தார். ஓரம் அளவுகோல் வைத்ததுபோல நேராக இருந்தது.

மதியம் அப்பா தெருமுனையிலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். சித்தி காரிலிருந்து இறங்கினார். இடுப்பு வைத்த சாம்பல் நிறப் போர்வைக்குள்ளிருந்து ஒரு சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது. பனி அள்ளிக்கொண்டிருந்த அயலவர்கள் கூடிவிட்டார்கள். யார் பின்னியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சித்தி என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திக் காட்டினார். யாரோ கைதட்டினார்கள். வென்றுவிட்டேன்! என் போர்வை, என் தங்கச்சி, என் தெரு.

அம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அவர் விரல் அந்த ஓரத்தின்மேல் போய்ப்போய் வந்தது. "எங்கை பழகினனீங்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"உங்களைப் பாத்துத்தான்," என்றார்.

பல வருடங்களுக்குப் பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அண்ணா பிறப்பதற்கும் முன்னால், அம்மா ஒரு பிள்ளைக்காகத் தொப்பி, காலுறை, சட்டை, போர்வை எல்லாம் தன் கையாலேயே பின்னி முடித்து வைத்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பொதியை அவர் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தாராம். அதன்பிறகு ஊசியைத் தொட்டதே, பிள்ளை நலமாகப் பிறந்துவிட்டது என்று தெரிந்த அந்தக் காலையில்தான்.

அந்தப் பனி கரைந்து பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த முதல் நாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன், என் அம்மாவுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று.