கரி அறையும் சாய்வு நாற்காலியும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புகுந்த வீட்டுக்கு வந்தும் அது குறையவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மட்டும் வாயடைத்துப் போயிருந்தேன். காரணம், எங்கள் காளிகாட் வீட்டின் கரி அறை.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்கு அம்மா இல்லாததால் கல்கத்தாவில் புகுந்த வீட்டிலேயே என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் பிரசவம் என்றால் மாடிப்படிக்கு அடியில் இருந்த கரி அறைதான். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் ஈரம். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாதென்று பழைய மருத்துவச்சி கதவைச் சாத்திவிட்டு உள்ளே கரியடுப்பு மூட்டுவாள். மூத்த மருமகளான என் ஓர்ப்படி முந்தின மழைக்காலத்தில் அங்கேதான் பெற்றாள். குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கரி எடுக்கக்கூட அந்தப் பக்கம் போகமாட்டாள். நானும் அந்தக் கதவைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கார்ப்பரேஷன் சம்பளம் கொடுத்து, படித்த மருத்துவச்சிகளை வீடு வீடாக அனுப்பத் தொடங்கியிருந்தது. ஓர்ப்படி யாரிடமும் கேட்காமல் ஒருத்தியை அழைத்து வந்து நிறுத்தினாள். வங்காளத்துப் பெண், கையில் குடை, தோளில் கறுப்புப் பை, கணீரென்ற குரல். என்னைப் பார்த்து முடித்ததும், பிரசவம் எந்த அறையில் என்று கேட்டாள். காட்டினோம். எட்டிப் பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, தெருப் பக்கத்து முன் அறையில் போய் நின்றாள். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. நடுவில் மாமனாரின் சாய்வு நாற்காலி. சணல் கம்பெனியில் பெரிய குமாஸ்தாவான அவர் சாயங்காலம் அதில் சாய்ந்தால், நம்மூர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்து உலகத்து வம்பையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

“இந்த ரூம்தான் வேணுமாம். இல்லேன்னா வரமாட்டாளாம்” என்று ஓர்ப்படி தமிழில் சொன்னாள். மருத்துவச்சி வங்காளியில் சொன்னது பாதி, இவள் சேர்த்தது பாதி. எனக்கு வங்காளி தெரியும், வாயைத் திறக்கவில்லை.

“நன்னாருக்கே! புருஷா உக்கார்ற எடத்துலயா? வீடு பூராத் தீட்டாயிடும்” என்றார் மாமியார்.

மாமனாருக்குச் சண்டை என்றால் ஆகாது. “பத்து நாள்தானேடி! நான் கரி ரூம்ல உக்காந்துக்கறேன். எனக்கென்ன, ராஜாவாட்டம் இருப்பேன்” என்றார்.

வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். மருத்துவச்சி கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், மாமியாரையும் விடவில்லை. “என் கையிலே என்னடி அழுக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் தேய்த்தார். ஜன்னல் வழியே டிராம் மணி கேட்டுக்கொண்டிருக்க, என் மகள் பிறந்தாள். என்ன சத்தம் போட்டாள்! மாடி வீட்டு வங்காளி மாமி, பிள்ளை பிறந்தால் ஊதும் அவர்கள் வழக்கப்படி, சங்கு ஊதினாள். பெற்ற கையோடு நான் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் தெரியாது.

அன்று சாயங்காலம் கரி அறையில் சபை கூடியது. கொசுவுக்காக மாமனார் ஒரு சட்டியில் கரி மூட்டி, கதவையும் சாத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் ஒரே இருமல். சிநேகிதர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் கண் சிவந்து, வேஷ்டியெல்லாம் கரியாக மாமனாரும் வெளியே வந்தார். கூடத்தில் காபியோடு நின்றவள் ஓர்ப்படி.

“மூச்சு முட்றதே…” என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். “இதுக்குள்ளயாம்மா உன்னைப் படுக்க வெச்சோம்?”

அவள் காபி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“தப்புப் பண்ணிட்டோம்மா” என்றார்.

முதல் முறையாக அவள் விம்மி அழுதது முன் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குக் கேட்டது. குழந்தையை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். அதற்குப் பிறகு அந்த அறையில் கரியும் விறகும் தவிர யாரும் படுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஓர்ப்படிக்கு நாள் தள்ளிப்போயிற்று. மருத்துவச்சி குடையோடு வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், மாமனார் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

“இப்பவே எதுக்கு? இன்னும் எத்தனையோ மாசம் கெடக்கு!” என்று மாமியார் சிரித்தார்.

“கெடக்கட்டும்” என்றார் மாமனார். “காத்தாட இருக்கட்டும் எங்க பொண்ணோட ரூம்.”