தலைமாட்டுச் சுவர்

எங்கள் அக்காவின் சரக்கெல்லாம் சுண்ணாம்பும் மூங்கிலும் மரமும் செடியும்தான். புது வீடுகளின் உள்ளே புகுந்து, மனுஷன் மூச்சு விடுகிற மாதிரி ஆக்கித் தருவாள். நான் அவளுடைய தச்சன், வண்டியோட்டி, திட்டு வாங்குகிறவன். அவளுக்கு முட்டி போய்விட்டது, எனக்கு முதுகு போய்விட்டது. விட்டுத் தொலைப்போம் என்றால் கேட்கிறாளா? "முடியலன்னா நீ போய்ப் படுடா" என்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். அறை வாசலில் கண்ணை மூடி நின்று, சட்டென்று திறப்பாள். முதலில் கண்ணில் படுகிற சுவர்தான் அந்த அறையின் முகமாம். நிறமும் பச்சையும் முதலில் அதற்குத்தான்.

கடைசியாகச் செய்தது ஒரு வாத்தியார் வீடு. மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு உடைந்த அவர் மனைவி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவ பேச்சே குறைஞ்சு போச்சும்மா. வீட்டுக்கு வந்தா மனசு கொஞ்சம் தேறணும். அது போதும் எனக்கு" என்றார் வாத்தியார்.

அந்த அம்மாவின் அறையில் வாசலுக்கு நேரே கட்டிலின் தலைமாட்டுச் சுவர். செம்மண் நிறச் சுண்ணாம்புப் பூச்சு, நான் இழைத்த மரச்சட்டங்கள், நடுவில் தொங்கும் கொடிகள். நாய்ப்பாடு பட்டோம். அலுத்துப்போய்ச் சோறுகூட இறங்கவில்லை.

அந்த அம்மா வீடு திரும்பிய பிறகு, செடிகளைப் பார்க்கப் போனோம்.

"ரூம் பிடிச்சிருக்காம்மா?" என்றாள் அக்கா.

"ரொம்ப நல்லா இருக்காம். வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க."

"இருக்காமா? நீங்க பாக்கலையா?"

"தலைக்குப் பின்னால இருக்கே, எப்படிப் பாக்கறது? கழுத்தை அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அக்காவின் முகம் செத்துப்போனது. எனக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் அப்படியொரு ஆத்திரம். தடிமாடுகள் மாதிரி நின்று நின்று பார்த்தோமே, ஒருத்தருக்காவது படுத்துப் பார்க்கத் தோன்றியதா? அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தாள். வெள்ளைக் கூரை. சுவரை எடுத்துக்காட்ட நாங்கள் வைத்த விளக்கு நேராக முகத்தில் அடித்தது.

"மேல ஏதாவது செய்யட்டுமாம்மா? நிறம் அடிக்கவா? கொடி விடவா?"

"ஒண்ணும் வேணாம். அந்த லைட்டை மட்டும் அணைச்சிடறீங்களா? கண்ணு எரியுது."

"சார்கிட்ட சொல்லக் கூடாதா?"

"வர்றவங்களுக்குக் காட்டணும்னு ஆசையா போட்டு வைக்கிறார். பாவம், எனக்காகத்தானே இவ்வளவும்."

நான் அணைத்தேன். "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் கூடத்தில் வாத்தியாரின் குரல். யாரோ விருந்தாளியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன இருட்டா இருக்கு? இருங்க, சுவரைப் பாருங்க" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"போடாதீங்க சார்!" தரையில் கிடந்தபடியே அக்கா கத்திவிட்டாள். "அவங்களுக்குக் கண்ணு எரியுது!"

வாத்தியாரின் கை அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"இத்தனை நாளாவா?" என்றார்.