எட்டு நாள்களுக்குள் எடுக்கலாம்

பெயரை எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது அப்போது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. எண்பத்து மூன்று கலவரத்தில், கொழும்பில் எங்கள் வீட்டைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அதைக் கண்ணால் கண்ட அம்மா, டென்மார்க்குக்கு வந்து இரண்டு ஆண்டுகளான பின்னும், கோபன்ஹேகனை அடுத்த புரொண்பியில் எங்கள் கதவில் பெயர்ப்பலகை மாட்ட விடவில்லை. வதிவிட அனுமதிக்கு இன்னும் பதில் வரவில்லை. தபால்காரரின் காலடி படிக்கட்டில் கேட்டால் அம்மா, அப்பா, நான் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

எனக்கு ஒன்பது வயது. பாடசாலை விட்டதும் பொது நூலகத்தில் ஒரு மணிநேரம் இருக்க அனுமதி உண்டு. இருக்கலாம், எதிலும் பெயர் எழுதக் கூடாது.

அங்கே ஒரு தாழ்ந்த அடுக்கில் இருந்த புத்தகங்களின் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. போலந்திலிருந்து துரத்தப்பட்டு வந்த நான்கைந்து யூதர்களுக்காக, அவர்களுடைய இத்திஷ் மொழியில், சில மாதங்களுக்கு ஒருமுறை பெரிய நூலகத்திலிருந்து ஒரு பெட்டி வரும். வியாழக்கிழமைகளில் அவர்கள் பின்னறையில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அந்தக் கோடையில் கோபன்ஹேகனில் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் குண்டு வெடித்த பிறகு, நூலகர் அம்மையார் அந்தக் கூட்டத்தின் அறிவிப்பைப் பலகையிலிருந்து கழற்றினார். அறையைப் பூட்டவில்லை, திரையை மட்டும் இழுத்துவிட்டார்.

அவர்களில் ஒருவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியே வசித்த பெண்மணி. மற்றவர்கள் அட்டை காட்டிப் புத்தகம் எடுக்க, அவர் மட்டும் காட்டுவதில்லை. ஏன் என்று நூலகரிடம் கேட்டேன்.

"மறந்துவிட்டு வந்திருக்கிறார்" என்றார். ஒவ்வொரு வியாழனும் எப்படி மறக்கிறார் என்று நான் வியந்தேன்.

என் மொழியிலும் பெட்டி வருமா என்று ஒருநாள் கேட்டேன். வரும், ஆனால் கேட்பவரின் பெயர் வேண்டும் என்றார். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: பெயர், குடும்பப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இரண்டாவதில் அப்பாவின் பெயரை எழுதினேன். வீட்டில் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து நகராட்சியின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. மேலே என் முதலெழுத்தும் அப்பாவின் பெயரும். அப்பாவின் தகப்பனார் பெயருக்கும் அதே முதலெழுத்து. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் அது அப்பாவின் முழுப்பெயர். கீழே அலுவலக டேனிஷில் ஒரு வரி. எட்டு நாள் என்பதைத் தவிர அதில் எனக்குப் புரிந்த சொல் ஒன்றே: ஹென்டெ. பாடசாலைக்குப் பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதற்கு அந்தச் சொல். நாங்கள் முதலில் இருந்த அகதி முகாமில் ஒரு விடியலில் பொலிசார் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோனபோதும் அதே சொல்.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"எட்டு நாளுக்குள்ள எடுக்கலாமாம்."

"ஆரை?"

நான் மேலே இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

அப்பா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "தவணை குடுத்துப் பிடிக்கிற பொலிசை இப்பதான் காணுறன்" என்றார். "மரியாதையான நாடு."

அம்மா சிரிக்கவில்லை. அன்றே ஒரு பை கட்டினார்: இரண்டு சட்டை, கம்பளிக் காலுறை, மாத்திரை, ஜெபமாலை. பை கதவருகே இருந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே சாப்பிட்டார். நான் நாள்களை எண்ணினேன். பட்டியல் தன் வேலையைச் செய்துவிட்டது, எழுதியவள் நான். சொல்ல வாயெடுத்து ஏழு நாள் விழுங்கினேன்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அட்டை காட்டாத ஒருவர்தான் என்னைத் திட்டமாட்டார் என்று ஏனோ தோன்றியது. சங்கிலி போட்ட கதவின் இடைவெளியில் அவர் கடிதத்தை வாங்கினார். வாசித்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்து, மறுபடி கடைசிவரை வாசித்தார்.

"புத்தகங்களை" என்றார், போலந்து வாடை வீசும் டேனிஷில். "நீங்கள் கேட்ட புத்தகங்கள் வந்துவிட்டன. போய் எடுக்க வேண்டியது நீங்கள்."

நான் அழத் தொடங்கினேன். அவர் சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"முதல் தடவை நானும் உன்னைப்போலத்தான் வாசித்தேன்" என்றார். பிறகு மேலங்கியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

நால்வருமாக நூலகத்துக்கு நடந்தோம். படிவத்தில் பெயர் எழுதியதை வழியில் சொல்லிவிட்டேன். பெட்டியில் பதினொரு தமிழ்ப் புத்தகங்கள். அப்பா ஒன்றைத் திறந்து, முதல் பக்கத்தைத் தாண்டாமல் நின்றார். அம்மா புத்தகங்களைத் தொடவில்லை. பெயர் எழுதிய தாள் திரும்ப வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். நூலகர் கீழ்வீட்டுப் பெண்மணியை ஒருமுறை பார்த்தார். இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார். பதினொரு புத்தகங்களையும் கட்டித் தந்தார்.

"உன் அம்மாவும் அட்டையை மறந்துவிட்டு வந்திருக்கிறார்" என்றார்.

அட்டையே இல்லாத அம்மா அதை எப்படி மறந்திருக்க முடியும்? பெரியவர்களுக்கு வரும் ஞாபகமறதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெயரை எழுதாமல் விடுவதும் ஒரு நூலகரின் வேலையாக இருக்கலாம் என்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அடுத்த வசந்தத்தில் வதிவிட அனுமதி வந்தது. கீழ்வீட்டுப் பெண்மணியும் நூலகரும் அப்பாவும் இன்று இல்லை. அம்மா இருக்கிறார். வாரம் இரண்டு புத்தகம் வாசிக்கிறார், என் அட்டையில்.