பாகலூர் பங்களாவில் மாலை போட்ட படம்

ஓசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு வண்டித் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை. நாள் முழுக்கச் சாயத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நான். இருந்தும் பக்கத்திலேயே ஓர் ஓவியர் வாழ்ந்து மறைந்திருக்கிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. பாகலூரைத் தாண்டி ஒரு பங்களாவில் அவருடைய படங்கள் இருக்கின்றன, சீக்கிரமே எல்லாவற்றையும் பெங்களூருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எட்டரை மணிக்கு டவுன் பஸ். பாகலூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நம்மைப் போன்ற பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, உட்கார இடமும் கிடையாது! பாகலூரிலிருந்து பங்களா இன்னும் ஆறு கிலோமீட்டர், ஆட்டோதான். போக வர, காத்திருக்க, நானூறு ரூபாய் என்று பேசி ஏறினேன். ஓட்டுநர் போனில் கன்னடம், வழியில் போனவரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

வண்டி நகரும்போது ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். எழுபது வயது இருக்கும். சலவைச் சேலை, வெறும் நெற்றி.

"பங்களாவுக்கா கண்ணு? நானும் அங்கதான் போவணும். ஏத்திக்கிறியா?"

ஏறி உட்கார்ந்ததும் கேட்காமலே சொன்னார். பெயர் முனியம்மா. பங்களாவைச் சேர்ந்த தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். கணவர் வெங்கடப்பாவும் அங்கேதான். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே படமாகத் துரை, அதாவது அந்த ஓவியர், வரைந்திருக்கிறார். வெங்கடப்பா இறந்து மூன்று வருடம். இப்போது அந்தப் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்களாம்.

"அவருக்குப் போட்டா சரி. நான் இன்னும் சாவலியே! காலேஜ் பசங்க வந்து போட்டோ புடிச்சி, செத்துப்போன புருசன் பொண்டாட்டின்னு போன்ல போட்டுட்டாங்க. கம்பெனியில என் மவன்கிட்ட துக்கம் கேக்கிறாங்க. இப்பிடியே பெங்களூருக்குப் போயிட்டா நான் செத்தவதான், யாரு வந்து இல்லன்னு சொல்லப்போறா?"

ஓட்டுநர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்களா ஓட்டுக் கூரை போட்ட நீளமான வீடு. மதிலுக்கு அந்தப் பக்கமே ஏதோ கம்பெனியின் ஷெட். ஓவியரின் பெயர் ஸ்தெஃபான். பின்பாதி என் வாயில் நுழையவில்லை. ஊருக்கு அவர் ஸ்டீபன் துரை. போலந்தில் பிரபுக் குடும்பம். போரில் நிலம், மாளிகை எல்லாம் போய், அப்பாவும் அம்மாவும் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்திருக்கிறார்கள். அம்மாவின் நகைகளை விற்று இங்கே நிலம் வாங்கித் திராட்சை போட்டார்கள். முன் அறையில் மூதாதையர் படங்கள் நான்கைந்து தொங்குகின்றன. விறைத்த கழுத்தும் பதக்கமுமாக, நம்மை யார் உள்ளே விட்டது என்று கேட்கிற முகங்கள்.

மகன் வரைந்தவை பின்கூடத்தில். பெங்களூர்ப் பணக்காரர்கள் அவரிடம் படம் வரைந்துகொள்ள வரிசையில் நின்றார்களாம். ஆனால் யாராவது இறந்துபோன தங்கள் அப்பாவின் போட்டோவைக் கொடுத்து வரையச் சொன்னால் மறுத்துவிடுவார். உயிரோடு எதிரில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அப்படி வரைந்து வந்த பணத்தில் தோட்டம் நடந்தது. தனக்காக அவர் வரைந்தது தோட்டத்து ஆட்களை மட்டும்.

"சும்மா உக்காந்ததுக்குக் கூலி குடுத்தாரு. ஆடக்கூடாது, அசையக்கூடாது. களை எடுக்கிறதே மேலுன்னு ஆயிடுச்சி" என்றார் முனியம்மா.

பிள்ளை குட்டி இல்லாமல் இறந்தவரைத் தோட்டத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறையருகே கொஞ்ச நேரம் நின்றேன். எங்கேயோ பிறந்து, நம் முகங்களைப் பார்த்தே ஒரு வாழ்நாளைக் கழித்திருக்கிறார்.

அந்தப் படம் கூடத்தின் கடைசிச் சுவரில் இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் மாலை. இரண்டு நெற்றியிலும் அப்பிய சந்தனம், மேலே குங்குமம். முனியம்மா காவலாளி நாராயணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, நான் உயிரோட இருக்கிறது உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அண்ணன் போனாரேன்னு மாலை வாங்கினேன். ஒரே படம், பாதிக்கு எப்பிடிப் போடறது? பொட்டும் ஒருத்தருக்கு வெச்சி ஒருத்தருக்கு வுட்டா நல்லாவா இருக்கும்? மரியாதைக்குத்தான்க்கா வெச்சேன்."

"நல்லா வெச்ச மரியாதை! எடுறா அதை."

நாராயணன் மாலையைக் கழற்றினார். ஈரத் துணியைக் கொண்டுவரப் போனவரை, ஈரம் பட்டால் படம் கெட்டுவிடும் என்று நான்தான் தடுத்தேன். படத்தில் முனியம்மாவின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தை என் பருத்தித் துப்பட்டாவின் நுனியால் ஒற்றி ஒற்றி உதிர்த்தோம்.

சந்தனம் உதிர்ந்ததும் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. துரை வரைந்த பொட்டு. வலது பக்கம் இருபத்தைந்து வயது முனியம்மா, அகல நெற்றி, கேமராவை அறியாத நேர்ப்பார்வை. பக்கத்தில் வெங்கடப்பா. அவர் நெற்றிச் சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

முனியம்மா படத்துக்குக் கிட்டே போனார்.

"அவரு போனன்னிக்கு ஆத்தங்கரையில என் பொட்டை அழிச்சாங்க. நாலு பேரு புடிச்சிக்கினு அழிச்சாங்க. இது அப்பிடியே இருக்குது பாரு கண்ணு" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

போக நினைப்பவர்கள் சீக்கிரம் போய்விடுங்கள். ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணிவரை திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள், திரும்ப வேறு கிடைக்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். அடுத்த மாதத்துக்குப் பிறகு என்றால் பெங்களூரில்தான் தேட வேண்டும்.

திரும்பி வந்து பாகலூரில் இறங்கும்போது முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெங்களூர்ல பாக்கிறவங்களுக்கு நீ சொல்லிடு" என்றார். சொல்கிறேன். அந்தப் படத்தில் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடாதீர்கள். அவர் பாகலூரில் இருக்கிறார்.